தொட்டி நிறைந்த நாள்

மே 11, திங்கள்

மழை. மவுண்ட் ரோஸ்கில்லில் பஸ் ஏறும்போதே காலுறை ஊறிவிட்டது. சிட்டியில் இறங்கி அடுத்த பஸ். ஆல்பனி போய்ச் சேரும்வரை சன்னல் முழுக்க ஆவி.

புது வேலை. செந்தில் மேசைக்கே வந்து சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் அபிவிருத்தி நிதி, வன்னியில் மாடு வளர்க்கும் பெண்களுக்கு. முதல் கட்டம் முடிந்துவிட்டது. பணம் எப்படிச் செலவானது, யாருக்கு என்ன பயன், இரண்டாம் கட்டம் கொடுக்கலாமா என்று வெளியார் ஒருவர் பார்த்து எழுதவேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த வெளியார் நாங்கள். ஐரோப்பாக் காசு, வன்னி மாடு, பூமியின் தென்கோடியில் ஆல்பனியில் இரண்டாம் மாடியில் மதிப்பீடு. உலகம் உருண்டை என்று சும்மாவா சொன்னார்கள்.

என்னை ஏன் பிடித்தார்கள் என்று தெரியும். தமிழ். அதோடு ஊரில் கூட்டுறவுத் திணைக்களத்தில் குப்பை கொட்டியவள்.

"அக்கா, இது உங்க ஊர் மேட்டர். நீங்களே பேசிருங்க. என் கோயமுத்தூர் தமிழ் அவங்களுக்குப் புரியுமோ என்னமோ."

"வடிவா விளங்கும் தம்பி. படம் பாக்கிற சனம்தானே."

செந்தில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எனக்கு மேலதிகாரி. தம்பி என்று கூப்பிட்டால் கோபிப்பதில்லை. நல்ல பிள்ளை.

மகள் யாழினியின் அறைச் சுவரில் மறுபடி பூஞ்சணம். வாடகை ஏஜென்டுக்கு எழுதவேண்டும். வெங்காயம், பருப்பு, பஸ் கார்டுக்குக் காசு.

மே 13, புதன்

மழை விட்டது. குளிர். நாள் முழுக்கப் பழைய அறிக்கைகள்.

காசு வந்த வழி: ஐரோப்பாவிலிருந்து கொழும்பு. கொழும்பிலிருந்து ஒரு பெரிய நிறுவனம். அதிலிருந்து மாகாணம், பிறகு மாவட்டம், கடைசியில் சங்கம். ஒவ்வொரு மடையிலும் கொஞ்சம் நின்று வந்த தண்ணீர். ஆனாலும் வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆத்திமோட்டை என்ற கிராமத்தில் பால் குளிரூட்டும் நிலையம். புதுக் கட்டடம், நீல ஓடு, முன்னால் ஒன்றியத்தின் நட்சத்திரக் கொடி போட்ட பலகை. உள்ளே பெரிய எவர்சில்வர் தொட்டி. பெண்கள் கொண்டுவரும் பால் அதில் குளிர்ந்து நின்றால் நல்ல விலைக்குத் தொழிற்சாலைக்குப் போகும்.

கட்டடத்துக்கும் தொட்டிக்கும் ஐரோப்பாக் காசு. தொட்டியை ஓட்ட வலுவான கரண்ட் லைன் இழுப்பது அரசாங்கத்தின் பங்கு. திட்டத்துக்குக் கெடு இருந்தது, கட்டடம் ஓடி எழும்பியது. லைனுக்குக் கெடு இல்லை, அது வரவே இல்லை. இரண்டாம் கட்டத்தில் அதையாவது கேட்கிறார்கள்.

போன வருடம் பிரசெல்ஸ் தலைமையகத்திலிருந்து அதிகாரி ஒருவர் நேரில் போயிருக்கிறார். எழுதியிருக்கிறார்: தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது, பெண்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள், மேலும் உதவி தேவைப்படாமல் போகலாம்.

அந்தக் கரண்ட் இல்லாமல் தொட்டி எப்படி நிறைந்தது? நாளை மறுநாள் சங்கத் தலைவியோடு போன். கேட்கவேண்டும்.

மே 15, வெள்ளி

சங்கத் தலைவி பெயர் கலாவதி. அறுபது வயதிருக்கும். குரல் கணீர். இனி க.அக்கா என்று எழுதுகிறேன்.

கேட்டேன். ஒளிக்கவே இல்லை.

"தொட்டி வெறுமனே கிடக்க வந்த மனுசரைக் கூப்பிட்டுக் காட்டுறதே பிள்ளை? பக்கத்து ஊர் இலுப்பையடிச் சங்கத்திட்டச் சொன்னன். அவையள் விடியவே லாண்ட்மாஸ்டர் உழவு மெசினிலை ஏத்திக்கொண்டு வந்திட்டினம். ரோட்டுக்கு அங்கால இருக்கிற ஊர் ஆக்களும் கொண்டுவந்து ஊத்தினவை. தொட்டி விளிம்பு மட்டும் நிண்டது. ஐயா எட்டிப் பாத்திட்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவர்."

"மற்ற நாளையிலை, அக்கா?"

"மற்ற நாளையிலை எங்கையிருந்து? காலமைப் பால் கொஞ்சம். பின்னேரப் பால் எடுக்கேலாது, விடியுமட்டும் குளிரிலை வைக்கக் கரண்ட் காணாது. ஜெனரேற்றருக்கு டீசல் ஆர் அடிக்கிறது? நாங்கள் பின்னேரம் எடுக்காட்டி சனம் காலமைப் பாலையும் வீடு வீடாப் பால் வாங்க வாற வான்காரனுக்குத்தான் ஊத்தும். அவன் ரெண்டு நேரமும் எடுக்கிறான் எல்லே."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவவும் சிரித்தா. பிறகுதான் உறைத்தது.

"லைன் வராட்டி?"

"வருசக் கடைசியோட பூட்டவேண்டியதுதான். பிறகு வான்காரன் சொன்னதுதான் விலை. பழையபடி."

விருந்தாளிக்கு வெறும் தொட்டி காட்டக்கூடாது என்று நிறைத்தார்கள். நிறைந்த தொட்டியைப் பார்த்தவர் இவர்களுக்கு இனி ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். வன்னியில் எனக்கு ஒருவரும் இல்லை, இருந்தும் பின்னேரம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

வேலியில் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு பை பீஜோவா தொங்கவிட்டிருக்கிறார். கடைசிப் பழங்களாம். பாதி அழுகல்.

மே 18, திங்கள்

செந்திலிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, எங்கக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்ல கெடந்தது பக்கத்து வீட்டு சோபாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தது வேற யாரோட காரோ. ரெண்டு பக்கத்துக்கும் தெரியும், யாரும் கேக்கல."

"அதைத்தான் நானும் சொல்லுறன். இது களவில்லை."

"நமக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியுமா? ஜோடிச்சுக் காட்டி ஏமாத்திட்டாங்கன்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சது. மொத்த மாவட்டத்துக்கும் நிறுத்திருவாங்க."

நிறைந்தது என்று எழுதினால் உதவி வேண்டாதவர்கள். நிறையவில்லை என்று எழுதினால் உதவியும் வீண், ஆளும் பொய். இரண்டிலும் லைன் வராது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. உள்ளதை உள்ளபடி முழுக்கச் சொல்வது. ஒரு சொல்லுக்கு மூன்று ஊர் ஒரே விடியலில் பால் கொண்டுவந்தது என்றால் பாலும் இருக்கிறது, ஒற்றுமையும் இருக்கிறது, இல்லாதது கரண்ட் மட்டும். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன? செந்தில் தலையாட்டினார். ஆனால் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் எழுதமுடியாது. அது எங்கள் விதி.

மே 20, புதன்

க.அக்காவோடு போன். சம்மதம் கேட்டேன்.

"ஐயோ பிள்ளை, எழுதிப்போடாதேங்கோ. வந்த மனுசனுக்கு முன்னாலை எங்கட மானம் போகும். இலுப்பையடிச் சனத்தின்ர மானமும் போகும்."

அரைமணி நேரம் மன்றாடினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தா. அடுத்த புதன் பிரசெல்ஸ்காரர்களோடு இணையக் கூட்டம் இருக்கிறது, அதே அதிகாரி வருகிறார். மொழிபெயர்ப்பு நான்.

"நானே சொல்லுறன். நீங்கள் எழுதினால் கள்ளரைப் பிடிச்ச மாதிரி இருக்கும். நான் சொன்னால் எங்கட வீட்டுக் கதை."

என்ன தெளிவு! சந்தோசமாகக் குசினிக்குள் போனேன். யாழினி நூடில்ஸோடு நின்றாள். விசயத்தைச் சொன்னேன். "ஜஸ்ட் டெல் தெம் த ட்ரூத், அம்மா. வை இஸ் இட் ஸோ ஹார்ட்?" என்றாள். பதினாறு வயதுக்கு உண்மையைச் சொல்வதும் லேசு.

வாடகை ஏஜென்ட் பதில்: சன்னலைத் திறந்து வையுங்கள். இந்தக் குளிரில்!

மே 24, ஞாயிறு

பக்குரங்காவில் சிநேகிதி வசந்தி வீட்டில் அவளுடைய மகனின் பிறந்தநாள். எங்கள் மடிப்புக் கதிரைகள் எட்டும் நேற்றே அங்கே போய்விட்டன. பெரிய இட்லிப் பானையும். மாப்பிள்ளை வீட்டார் போல யாரோ வெள்ளைக்கார அயலவர்கள் வந்து, "எவ்வளவு அழகாக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்" என்று மெச்சினார்கள். வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் என் கதிரையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன்.

யாழினி வரவில்லை. அவளுக்கு அசைன்மென்ட்.

மே 27, புதன்

கூட்டம் முடிந்தது.

இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே மத்தியானம், பிரசெல்ஸில் காலை. குசினி மேசையில் லாப்டாப். செந்தில் அவர் வீட்டிலிருந்து.

ஆத்திமோட்டைப் பெண்கள் நிலையத்துக்குள்ளேயே வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகளில். எல்லாரும் நல்ல சீலை. க.அக்கா நடுவில். அவர்களுக்கு முன்னால் சின்ன மேசையில் ஒரு தட்டம்: தேநீர்க் கோப்பைகள், பிஸ்கட், வாழைப்பழம். தங்களுக்கு என்றுதான் நினைத்தேன். இல்லை. ஐயாவுக்கு. திரையில் வருகிற மனிதருக்குத் தேநீர் வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி நரைத்த மனிதர், மென்மையான பேச்சு. க.அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. செப்டெம்பரில் ஓய்வு பெறுகிறாராம். இத்தனை வருட வேலையில் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் பூட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறாராம். ஆத்திமோட்டையில் தொட்டியை எட்டிப் பார்த்த அந்தக் காலை, தன் வேலை வீண்போகவில்லை என்று நினைத்தாராம். அன்றைக்கே மனைவிக்குப் போன் பண்ணிச் சொன்னாராம். பெண்களோடு எடுத்த படம் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. திரும்பிக் காட்டினார்.

நான் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது என்ன நடக்கப்போகிறதென்று.

"அவர்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

க.அக்கா தட்டத்தைப் பார்த்தா. படத்தைப் பார்த்தா. சீலைத் தலைப்பைச் சரிசெய்தா.

"ஐயாட்டச் சொல்லுங்கோ பிள்ளை, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்லா இருக்கவேணும்."

எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள்.

நான் மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல். ஒரு வசனம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. செந்தில் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அது என் வாய் இல்லை, அவவின் வாய். அதிகாரி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

சோறு ஆறிவிட்டது. சாப்பிடவில்லை. அழுதேன், கொஞ்சம்.

மே 28, வியாழன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். க.அக்காவே எடுத்தா.

"அந்த மனுசன் அவ்வளவு சந்தோசமா இருந்தது பிள்ளை. பென்சனுக்குப் போற மனுசன். அதைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரை முறிக்கிறதே?"

"அப்ப லைன், அக்கா?"

எங்கேயோ ஒரு கன்று கத்தியது.

"ராத்திரிக் கூடிக் கதைச்சனாங்கள். இலுப்பையடியாக்களும் வந்தவை. நீங்கள் எழுதுங்கோ. உள்ளதை எழுதுங்கோ. ஆனா அவருக்கு நோகாமல் எழுதுங்கோ."

கோபமாக வந்தது. யாரில் என்று தெரியவில்லை. அவவில், அந்த நல்ல மனிதரில், என் விதிகளில், எல்லாவற்றிலும். கூட்டத்தில் ஒரு நிமிட வெட்கம், முடிந்திருக்கும். ஆனால் நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். எனக்கும் அதே வளர்ப்புத்தான்.

ஜூன் 3, புதன்

அனுப்பியாயிற்று.

நோகாமல் ஆங்கிலத்தில் எழுதுவது லேசில்லை. நான்கு நாள் உழைப்பு. விருந்தாளி வரும்போது ஊர் கூடி நிறைப்பது அங்கே மரியாதை என்று எழுதினேன். அன்று அவர் பார்த்த பால் உண்மையான பால், அந்த வட்டாரத்துப் பால், ஒரே விடியலில் மூன்று ஊர்ப் பெண்கள் சேர்த்த பால் என்று எழுதினேன். கரண்ட் லைன் வந்தால் அந்தக் காலை தினமும் நடக்கும் என்று முடித்தேன். நானே வாசித்தபோது நம்பினேன்.

செந்தில் வாசித்துவிட்டு, "அக்கா, இது ரிப்போர்ட் மாதிரியே இல்ல, ஆனா நான் கை வைக்கல" என்றார். பால் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டால் பலமாக இருக்கும் என்று நான்தான் கேட்டேன். அழகாகப் போட்டுத் தந்தார். ஊருக்கு ஒரு வட்டம், பால் கூடினால் வட்டம் பெரிது. இலுப்பையடி வட்டம் நல்ல பெரிது. இவ்வளவு பால் அந்த வட்டாரத்தில் இருக்கிறதே என்று அவர்கள் பார்க்கட்டும்.

வரும்போது கடையில் பால் எடுத்தேன். இங்கே ஒரு தட்டு முழுக்க நீல மூடிப் போத்தலும் பச்சை மூடிப் போத்தலும்.

ஜூன் 19, வெள்ளி

பதில் இல்லை. மழை. யாழினிக்கு இருமல். டொக்டர் பூஞ்சணத்தால் என்கிறார். ஏஜென்டுக்கு மூன்றாம் முறை. இந்தமுறை டொக்டரின் கடிதத் துண்டையும் சேர்த்து.

க.அக்கா ஒரு குரல் செய்தி: "ஒண்டும் அவசரமில்லைப் பிள்ளை. சும்மாதான் கேட்டனான்." இரண்டு நாளுக்கு ஒருமுறை சும்மா கேட்கிறா.

ஜூலை 2, வியாழன்

முடிவு வந்துவிட்டது. செந்தில் ஓடிவந்தார். "அக்கா, ஃபேஸ் டூ ஓகே, ரெண்டாவது கட்டம் குடுத்துட்டாங்க!" ஆபீஸ் என்றும் பாராமல் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து முழுக்க வாசித்தோம்.

அதிகாரிக்கு நோகவில்லை. பெண்களின் நேர்மைக்கு நன்றி என்று தன் கைப்பட ஒரு பத்தி. வெட்கப்படவேண்டியவர் தான்தானாம், ஒரு நாளைப் பார்த்துவிட்டு முடிவுகட்டியதற்கு. நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

அதற்குக் கீழே: வரைபடத்தின்படி வட்டாரத்துப் பாலில் பெரும்பகுதி இலுப்பையடியில். அது பெருந்தெருவில் இருக்கிறது. வலுவான கரண்ட் ஏற்கெனவே அங்கே ஓடுகிறது. ஆகவே புதிய லைன் இழுப்பதைவிடத் தொட்டியை இலுப்பையடிக்கு மாற்றி, அங்கே நிலையத்தைப் பெரிதாக்குவது சிக்கனம். ஆத்திமோட்டைக் கட்டடம் சமூகத் தேவைகளுக்கு. இந்த வட்டாரத்துக்கு இதுவே கடைசிக் கட்டம். இனி நிதி வேறு நாடுகளுக்குத் திரும்புகிறது.

ஒரு பிழையும் சொல்லமுடியாது. க.அக்காவைத் தெரியாதிருந்தால் நானும் இதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். காசு பால் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். பால் இருக்கும் இடத்தை வட்டம் போட்டுக் காட்டியவள் நான்.

செந்தில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "நீங்க தப்பா ஒண்ணும் எழுதலக்கா" என்றார். இரண்டுதரம் சொன்னார்.

கொழும்பிலிருந்து கடிதம் போக ஒரு மாதம் ஆகும். அதற்குமுன் நான் சொல்வதுதான் முறை. இன்று தைரியம் இல்லை.

ஜூலை 3, வெள்ளி

சொன்னேன்.

முதலில் விளங்கவில்லை அவவுக்கு. "லைன் வருதோ?" என்று மறுபடி கேட்டா. மறுபடி சொன்னேன். தொட்டி போகிறது என்று சொன்னேன்.

போனுக்குள் ஒரு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இலுப்பையடிக்கோ?"

"ஓம் அக்கா."

"சரி. அண்டைக்கு ஒரு சொல்லுக்கு வந்து ஊத்தினவையள்தானே. இனி நாங்கள் அங்க கொண்டுபோய் ஊத்துவம்."

"எவ்வளவு தூரம்?"

"மூண்டு கட்டை, அஞ்சு கிலோமீற்றர் வரும். சைக்கிள் இருக்கிற ஆக்கள் போகலாம். பக்கத்து வீட்டுத் தவத்துக்கு இடுப்பு ஏலாது, அவவின்ர பாலையும் நான் கொண்டுபோறன். மற்ற ஆக்கள்..." நிறுத்தினா. "மற்ற ஆக்கள் வான்காரனுக்கு ஊத்துவினம். வேறை என்ன செய்யிறது."

மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"சீச்சீ. நீங்கள் உள்ளதைத்தானே எழுதினீங்கள். அழாதேங்கோ பிள்ளை, அங்க குளிராம், சுகமாய் இருங்கோ." பிறகு, வைக்கப் போகும்போது: "நாங்களும் ஒரு பாடம் படிச்சிட்டம். இனி ஆர் பாக்க வந்தாலும் உள்ளதைத்தான் காட்டுவம்."

இனி யாரும் பார்க்க வரமாட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. ஓம் அக்கா என்றேன்.